கீரிப் படத்துக்கு ஐந்து டிக்கெட்

என் அம்மா தன் கையாலேயே சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அம்மா தியேட்டருக்குப் போகிறவள் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டையைப் பார்க்க எதற்கு மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டும், நம் பால்கனியில் நின்றால் வெளிச்சத்திலேயே தெரிகிறதே என்பது அவள் கட்சி. ஸ்ரீரங்கத்தில் ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம், அதனால் அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "சனிக்கிழமை காலைல படத்துக்குப் போறோம். அஞ்சு டிக்கெட் போட்டாச்சு," என்றாள். போனில் தானே போட்டிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிறவள்.

"என்ன படம்?"

"அந்தக் கீரிப் படம்தான்."

எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தோஷம் வந்துவிட்டது. தப்பு அங்கேதான் நடந்தது.

கீரிப் படம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். நானும் அக்காவும் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் தினமும் மாலை ஐந்தரைக்கு டிவியில் ஒரு துப்பறியும் கார்ட்டூன் வரும். மூன்று பிள்ளைகள், ஒரு கீரி, ஒரு பழைய தபால் வண்டி. அந்த வண்டி எந்த ஊரில் நின்றாலும் அங்கே ஒரு பேய் இருக்கும். பிள்ளைகள் துரத்துவார்கள், கீரி பயந்து யார் தலையிலாவது ஏறும், கடைசியில் பேயின் முகமூடியைப் பிடுங்கினால் உள்ளே ஒரு மனிதன் இருப்பான். அந்த மனிதன் முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் மரியாதையாக டீ கொடுத்தவனாக இருப்பான். இத்தனை வருஷம் கழித்து யாரோ அதை நிஜ ஆட்களை நடிக்கவைத்துக் குடும்பப் படமாக எடுத்து, தமிழிலும் பேசவைத்து வெளியிட்டிருந்தார்கள்.

அப்போது நாங்கள் திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. குழாயில் விரிசல் இருக்கிறதா, பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் அக்காவும் கார்ட்டூனுக்கு ஒரு நோட்டுப் போட்டிருந்தோம். அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் என்ன பேய், இரண்டாவதில் உள்ளே யார். அப்பா ஒருநாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்னு எழுதாம ரிப்போர்ட் முடியாது," என்று சொல்லி, ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். காரணத்துக்கான கட்டம். அவர் பிரிவில் அப்படித்தான் வழக்கமாம்.

மூன்றாவது கட்டத்தால் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. எல்லாப் பேய்க்கும் ஒரே காரணம்தான். ஓட்டலை வாங்க வேண்டும், சுரங்கத்தைத் தோண்ட வேண்டும், தோப்பை அமுக்க வேண்டும், அதற்காக அங்கிருக்கிற ஆட்களைப் பயமுறுத்தி விரட்ட வேண்டும். முதல் வரியில் "ஆட்களை விரட்ட" என்று எழுதினோம். அதற்குக் கீழே பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி, மேற்படி என்று எழுதிக்கொண்டு போனோம். அக்கா சில நாள் சோம்பேறித்தனப்பட்டு மே.ப. என்று மட்டும் போடுவாள்.

இப்போது அந்த நோட்டு அக்கா மகளிடம் இருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயது. கே.கே. நகரில் இருக்கிறாள். பழைய கார்ட்டூன்களையெல்லாம் அவள் அம்மாவின் போனில் பார்த்துவிட்டு, புது நோட்டில் அதே மூன்று கட்டம் போட்டு எழுதுகிறாள். கார்ட்டூன் தீர்ந்த பிறகு வீட்டு விவகாரங்களையும் எழுத ஆரம்பித்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த பால்கோவா காணாமல் போனது பற்றி அவள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து அவள் அப்பா அவளிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்.

இனி என்னைப் பற்றி. எனக்கு முப்பத்திரண்டு வயது. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். நாலு வருஷமாக எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் தலைமுடி கொட்டிவிடும் என்று அம்மா வேண்டாம் என்றாள். பெங்களூரிலிருந்து வந்தது, குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம். நாக்பூரில் ஒருவர், பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது, குடும்பமும் தெரிந்த குடும்பம். "அங்க ஆரஞ்சைத் தவிர என்ன கிடைக்கும்?" என்று கேட்டு அம்மா அதையும் மூடிவைத்தாள். "ஆரஞ்சு நல்லதுதானே," என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் என்னவோ கிடைத்தற்கரிய பெண் என்ற நினைப்பு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் உறையூர், லால்குடி, துவாக்குடி என்று பக்கத்து ஆட்கள். ஐந்து கூட்டம். ஐந்தாவது கூட்டம் கேசரி சாப்பிட்டு முடித்துவிட்டு, துபாயில் இருக்கிற மாப்பிள்ளையின் அக்காவுக்கு வீடியோவில் என்னைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஹாலில் சிக்னல் இல்லை. நான் பட்டுப் புடவையோடு பால்கனியில் நின்று, போனை நானே தூக்கிப் பிடித்து, என்னை நானே காட்டினேன். "கொஞ்சம் சைடுல திரும்பும்மா," என்றது துபாய். எதிர் வீட்டு மாமி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் நான் அம்மாவிடம் சொன்னேன்:

"இனிமே ஒரு தடவை என்னை இப்படி யாராவது பார்க்க வந்தா, நான் வேற ஊருக்கு வேலை வாங்கிட்டுப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அம்மா சமையலறை மேடையில் இருந்த கற்பூர டப்பாவின் மேல் கையை வைத்து, "சமயபுரத்தா மேல சத்தியம். பொண்ணு பாக்கன்னு இந்த வீட்டுக்கு இனிமே யாரையும் வரச் சொல்ல மாட்டேன்," என்றாள். அம்மா சமயபுரம் அம்மன் பெயரை வீணாக எடுக்கிறவள் இல்லை. நம்பினேன். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, எனக்கு ஒரு வேலை உத்தரவு மெயிலில் வந்திருந்தது. எங்கள் லேப் கோயம்புத்தூரில் பெரிதாக ஒரு கிளை திறக்கிறது, அங்கே ஒரு பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன். துபாய்க்காரி சைடில் திரும்பச் சொன்ன வாரம் போட்டது. கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கிடைத்ததும் அதை ஒரு தாளில் அச்செடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். பஸ்ஸில் எடுத்துப் படிப்பேன், மறுபடி மடித்து வைப்பேன். போவதா இருப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் கீரிப் படம்.

சனிக்கிழமை காலையில் அம்மா என் கட்டிலில் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வைத்திருந்தாள். கீரியைப் பார்க்கப் பட்டுப் புடவை எதற்கு என்று கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமா," என்றாள். என்ன நல்ல நாள் என்று காலண்டரைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பேசிப் பேசி மாம்பழ நிறச் சுடிதாரில் உடன்பட்டோம், ஆனால் மல்லிகைப் பூவிலிருந்து தப்பிக்க முடியவில்லை. அப்பா ஹாலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ரிட்டயர்மென்ட் விழாவுக்குப் போட்ட ஷூ. அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஒரே நாடாவை மூன்று முறை கட்டினார்.

இவ்வளவும் என் கண் முன்னால் நடந்தது. சின்ன வயதில் ஐந்தாவது நிமிஷத்தில் பேயைக் கண்டுபிடித்தவள் நான். ஒன்றும் தோன்றவில்லை.

தியேட்டர் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில். அக்காவும் அவள் மகளும் கே.கே. நகரிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மகள் கையில் நோட்டு. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு அம்மாவும், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா மூன்று முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் அம்மா கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த முறுக்கை எடுத்து அவருக்கு நீட்டினாள்.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"யாரோ, பாவம்," என்றாள் அம்மா.

அந்த அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னிக்கு லேபுக்கு லீவாம்மா?" என்றார். நானும் "ஆமாங்க," என்றேன். பக்கத்தில் அக்கா மகள் நோட்டில் என்னவோ எழுதினாள். பேனா தீர்ந்துவிட்டது, வேறு வேண்டும் என்றாள். விளக்கை அணைத்துவிட்டார்கள், அதனால் கைப்பையையே அவள் மடியில் வைத்தேன்.

படத்தைப் பற்றி எனக்குப் புகார்கள் உண்டு. மூன்று பிள்ளைகளுக்கும் தாடை எலும்பு தெரிந்தது. புத்தகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அந்த வயதில் எங்கள் லேபில் ஆள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு முறை சம்பள உயர்வு கேட்டாகிவிடும். கீரியைக் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். அதன் உடம்பில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைந்தது. என் ஞாபகத்தில் இருக்கிற கீரிக்கு முடியே கிடையாது, பழுப்பாக ஒரு வளைவு, அவ்வளவுதான், ஆனால் அது பயந்தால் நமக்கும் பயமாக இருக்கும். கார்ட்டூனில் திறக்கப்போகிற கதவு மட்டும் பக்கத்துச் சுவரைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதை வைத்தே நானும் அக்காவும் பேய் எங்கிருந்து வரும் என்று சொல்லிவிடுவோம். நிஜ ஆட்களை வைத்து எடுத்தால் எல்லாக் கதவும் ஒரே நிறமாக இருக்கிறது. எது திறக்கும் என்று தெரியவில்லை.

இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தபால் வண்டி முதல் முறையாகத் திரும்பி வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. நாலு வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என்னை யாரும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

இடைவேளை விட்டார்கள். பாப்கார்ன் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பமும் முன் வரிசைக் குடும்பமும் எப்படியோ ஒரே வட்டமாக நின்றுகொண்டிருந்தோம். அக்கா மகள் நடுவில் வந்து நோட்டைத் திறந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். யாரும் நகரக் கூடாது."

"எனக்குப் பாத்ரூம் போகணும்," என்றார் அப்பா.

"நீங்களும்தான் தாத்தா."

அப்பா நின்றார்.

"ஒண்ணு. இது குழந்தைங்க படம். இவங்க ரெண்டு பேரும் குழந்தையே இல்லாம வந்திருக்காங்க. ரெண்டு. தாத்தா ஷூ போட்டிருக்காரு. எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கே செருப்புப் போட்டுட்டுதான் வந்தாரு. மூணு. இந்தப் பாட்டி சித்தியைப் பார்த்து லேபுக்கு லீவான்னு கேட்டாங்க. சித்தி லேப்ல வேலை பாக்குறாங்கன்னு நாம யாருமே அவங்ககிட்ட சொல்லல." அவள் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "இவங்க படம் பாக்க வந்தவங்க இல்ல. பொண்ணு பாக்க வந்தவங்க. கூட்டிட்டு வந்தது அம்மாச்சி."

அம்மாச்சி என்றால் என் அம்மா. கவுன்ட்டரில் இருந்த பெண் பாப்கார்ன் அள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது. சத்தம் போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சத்தமாகத்தான் கேட்டேன். "சமயபுரத்தா மேல சத்தியம் பண்ணினியேம்மா!"

"வீட்டுக்கு வரச் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள் அம்மா. "இது என்ன வீடா?"

எட்டு மாதம் அந்தச் சத்தியத்துக்குள் ஒரு சந்து தேடியிருக்கிறாள். அந்த மனிதர் கையில் பாப்கார்ன் டப்பாவோடு நெளிந்தார். "மன்னிச்சிருங்க," என்றார் என்னிடம். "எனக்கு நேத்துதான் சொன்னாங்க. நான் வரலைன்னுதான் சொல்லியிருப்பேன். கீரிப் படம்னாங்க, வந்துட்டேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் வந்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

அம்மாவுக்கு நிலைமையைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. "நல்ல பையன்டி," என்றாள், அந்தப் பையனை எதிரில் வைத்துக்கொண்டே. "திருவெறும்பூர்ல வேலை. ட்ரான்ஸ்ஃபரே கிடையாது. வீடு கே.கே. நகர்ல. அக்கா வீட்டுலேருந்து ரெண்டே தெரு." வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அம்மா அதோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு கேஸ் இருக்கு," என்றாள் அக்கா மகள்.

"போதும்டி," என்றாள் அக்கா.

"இல்லம்மா. சித்தியும் ஒண்ணு மறைக்கிறாங்க." அவள் நோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். பேனா தேடும்போது கிடைத்திருக்கிறது. "சித்திக்குக் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

"ஐயோ," என்றாள் அக்கா.

நான் நின்ற இடத்தில் நின்றேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஏமாற்றப்பட்டவளாக இருந்த ஆள் நான். அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, நீங்க ஏன் ஐயோன்னு சொல்லல? உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அம்மா தாளை அவள் கையிலிருந்து வாங்கி, முறுக்குக் கவரோடு சேர்த்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. மணி அடித்தார்கள்.

நான் அப்படியே வெளியே போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். ஆனால் பேய் யார் என்று தெரிய வேண்டியிருந்தது. ஏழு பேரும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். முன் வரிசையில் அந்த அம்மா இந்த முறை திரும்பவே இல்லை.

பேய், ஓட்டல் முதலாளி. முதல் காட்சியில் டீ கொடுத்த ஆள்தான். கார்ட்டூனாக இருந்தால் யோசிக்க வேண்டியிருந்திருக்கும், இங்கே அவ்வளவு பெரிய நடிகரை டீ கொடுப்பதற்கு மட்டுமா கூப்பிட்டிருப்பார்கள்? முகமூடியைப் பிடுங்கினார்கள். தியேட்டரில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்தின. அம்மா என்னைத் தாண்டிக் குனிந்து, அவளுக்கு மெதுவான குரலில், அதாவது நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "எதுக்கு வேஷம் போட்டானாம்?" என்று கேட்டாள்.

"எல்லாரையும் ஊரை விட்டு விரட்ட," என்றாள் அக்கா மகள். "எப்பவும் அதுக்குத்தான்."

"ஓகோ," என்றாள் அம்மா.

அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. ட்ரான்ஸ்ஃபரே கிடையாது. அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு. சென்னைத் தண்ணீர், பெங்களூர்க் குளிர், நாக்பூர் ஆரஞ்சு. வீட்டுக்குள் வந்து கேசரி சாப்பிட்ட ஐந்து கூட்டமும் சத்திரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்க்காரர்கள். என்னை எப்போது தள்ளிவிடலாம் என்று அம்மா அலைகிறாள் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. திரையில் என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. கீரி எதையோ சாப்பிட்டது.

வெளியே நல்ல வெயில். முன் வரிசை அம்மா மரியாதையாக, "போயிட்டு வரோங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகன் அக்கா மகளிடம், "நல்லாக் கண்டுபிடிச்சே," என்று சொல்லி மிச்சப் பாப்கார்னைக் கொடுத்தார். அவள் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் நோட்டை என்னிடம் நீட்டினாள். இரண்டு வரி எழுதியிருந்தாள். ஒன்றில் அம்மாச்சி, இன்னொன்றில் சித்தி. இரண்டுக்கும் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"ஏன்னு மட்டும் தெரியல சித்தி. அம்மாச்சி யாரையும் விரட்டல. அப்புறம் எதுக்கு வேஷம் போட்டாங்க?"

"நாளைக்குப் போன்ல சொல்றேன்," என்றேன்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அம்மாவும் நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். அப்பா முன்னால் இடம் பிடித்து, உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டார். காவிரிப் பாலம் ஏறியது. ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"எப்பப் பார்த்த?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை. டிபன் பாக்ஸ் வைக்குறப்ப."

"கேட்டிருக்கலாமேம்மா."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழச் சாலை நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி, ஏறி, பஸ் மறுபடி கிளம்பிய பிறகுதான் பேசினாள்.

"போகாதன்னு நான் சொன்னா நீ இருந்துடுவ. எனக்குத் தெரியும். அப்புறம் என் மூஞ்சியைப் பார்க்குறப்பல்லாம் இவதான் நிறுத்துனான்னு நெனப்ப. கல்யாணமாகி இங்கயே இருந்துட்டன்னா அது யார் தப்பும் இல்ல பாரு."

அவ்வளவு யோசித்திருக்கிறாள். யோசித்து ஒரு கல்யாணத்தையே கொண்டுவந்து முன் வரிசையில் உட்காரவைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. மல்லிகைப் பூவும் மாம்பழ நிறச் சுடிதாருமாக பஸ்ஸில் அழுதேன். நின்றுகொண்டிருந்த ஒருவர் எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த நாக்பூர்?" என்று கேட்டேன்.

"நல்ல பையன்தான்," என்றாள் அம்மா.

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தலை மெல்ல ஆடியது. அன்றைக்கு வீட்டில் கோயம்புத்தூர் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அம்மா தோசை வார்த்தாள். நான் ஐந்து சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா மகளுக்குப் போன் செய்தேன். நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள்.

"அம்மாச்சிக்கு எழுதிக்க. சித்தி ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு."

அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "விரட்டுறதுக்கு இல்லாம இருக்க வைக்கிறதுக்கு வேஷம் போட்டது இதுதான் முதல் தடவை," என்றாள். "சரி, சித்திக்கு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். குழந்தையிடம் பொய் சொல்லலாம். இவளிடம் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"லெட்டரைக் காட்டினா அம்மா போகாதன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். சொன்னா நான் இருந்துடுவேன். எனக்கும் போகணும்னு பாதிதான் இருக்கு. மீதிப் பாதிக்கு அம்மாவை விட்டுப் போக மனசே இல்ல."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே சித்தி? மேற்படின்னு போட்டுடவா?"

"போடு," என்றேன்.

திங்கட்கிழமை லேபில் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கைப்பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இருந்தது. முறுக்கு எண்ணெய் ஒரு மூலையில் ஊறியிருந்தது. குழம்பு கொட்டினால் கெட்டுவிடக் கூடாது என்று அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, சம்மதம் என்று பதில் அனுப்பினேன்.